கிராமத்திற்கு வரும் வைத்தியர் யார்?

கிராமாந்தரங்களில் ஜனங்களுக்கு முதற்படியான வைத்திய உதவியை யாரிடம் ஒப்புவிப்பது என்னும் கேள்வி, நம் தேசத்தில் எண்பது வருஷங்களாகத் தீர்வு காணாமல் இருந்து வருகிறது. பூரணமாகப் படித்துத் தேறிய டாக்டரைத் தவிர வேறெவரும் நோயாளிக்கு மருந்து கொடுக்கலாகாது என்பது ஒரு கட்சி. டாக்டர் வரும்வரை நோய் காத்திராது. ஆகையால் குறுகிய காலப் பயிற்சி பெற்று, வரையறுத்த சில நோய்களுக்கு மட்டும் சிகிச்சை செய்யக்கூடிய இடைநிலைச் சுகாதார ஊழியர்களைக் கிராமந்தோறும் அமர்த்த வேண்டும் என்பது மற்றொரு கட்சி. இரு கட்சியாரும் நாட்டின் நன்மையைக் கோரியே பேசுகின்றனர் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆயினும், விவாதம் நடந்துவரும் இத்தனை காலமும் கிராமவாசி வைத்தியமின்றிச் சும்மா இருந்துவிடவில்லை. அவன் எவரிடமோ சென்றுகொண்டுதான் இருக்கிறான். அந்த 'எவர்' யார் என்பதை விசாரித்தாலன்றி இவ்விஷயத்தில் நியாயமான முடிவுக்கு வர இயலாது.

இப்பொழுது நடைமுறையில் இருக்கும் ஏற்பாட்டை முதலில் கவனிப்போம். 2018-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ், நாடெங்கும் 1,50,000 சுகாதார நல நிலையங்களை 2022 முடிவதற்குள் ஏற்படுத்தப் போவதாக அறிவித்தது. முதல் நிலையம் 2018 ஏப்ரல் 14-ஆம் தேதி சத்தீஸ்கர் ராஜ்யத்து பீஜாப்பூர் ஜில்லாவிலுள்ள ஜாங்கலா கிராமத்தில் திறக்கப்பட்டது. சமவெளியில் 5,000 பேருக்கும், மலைப்பிரதேசங்களில் 3,000 பேருக்கும் ஒன்று என்ற கணக்கில் அமைந்த துணைச் சுகாதார நிலையங்களும் இவ்வாறு மாற்றப்பட்டன. அதுவரை அந்நிலையங்கள் கர்ப்பிணிகள், குழந்தைகள், தடுப்பூசி, குடும்ப நலம் ஆகியவற்றையே பெரும்பாலும் கவனித்து வந்தன. புதிய ஏற்பாட்டின்படி ரத்த அழுத்தம், நீரிழிவு, மனநோய், கண், பல், முதியோர் பராமரிப்பு, தீரா நோயாளிகளின் வலி தணிப்பு முதலியவற்றையும் சேர்த்துப் பன்னிரண்டு வகைச் சேவைகள் அங்கே கிடைக்க வேண்டும். இதற்காக ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு சமுதாய சுகாதார அதிகாரி நியமிக்கப்பட்டார். நர்ஸ் படிப்பையோ ஆயுர்வேதப் படிப்பையோ முடித்தவர்களுக்கு மேற்கொண்டு ஆறு மாத காலம் விசேஷப் பயிற்சி அளித்து இப்பதவிக்கு எடுத்துக்கொள்வதென்று திட்டம் வகுக்கப்பட்டது. நம் தமிழ்நாட்டிலும் துணைச் சுகாதார நிலையங்களில் இடைநிலைச் சுகாதாரப் பணியாளர் என்ற பெயரால் நர்ஸுகள் அமர்த்தப்பட்டிருக்கின்றனர். 2023 நவம்பரில் மத்திய சர்க்கார் இந்நிலையங்களுக்கு ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்று பெயர் சூட்டியது. பெயர் மாறிற்றே தவிர, கேள்வி மாறவில்லை.

இதைப் புதுமை என்று எண்ணுவோர் பலர் உளர். அது தவறு. அந்நிய ஆட்சிக் காலத்திலேயே நம் நாட்டில் இருவகை டாக்டர்கள் இருந்தனர். கலாசாலையில் படித்துப் பட்டம் பெற்றவர் ஒரு வகை. வைத்தியப் பள்ளியில் அதற்குக் குறைந்த காலம் படித்து எல்.எம்.பி. என்னும் சான்று பெற்ற லைசென்ஷியேட்டுகள் மற்றொரு வகை. சென்னை ராயபுரத்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியைச் சேர்ந்த பள்ளி இத்தகையது. அது 1938-ல்தான் கலாசாலையாயிற்று. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ல் பெண்களுக்கென ஆரம்பித்த வைத்தியப் பள்ளியும் இச்சான்றுக்கே மாணவிகளைத் தயார் செய்தது. 1942-ல் அது பட்டப் படிப்புக்கு உயர்ந்தது. 1946-ல் வெளியான போர் கமிட்டி அறிக்கையின் கணக்குப்படி, தேசத்தில் பதிவு செய்யப்பட்ட டாக்டர்கள் 47,524 பேர். அவர்களில் பட்டதாரிகள் 17,654 பேர். லைசென்ஷியேட்டுகள் 29,870 பேர். அதாவது, மூன்று டாக்டர்களில் ஏறக்குறைய இருவர் லைசென்ஷியேட்டுகளே. சிற்றூர்களிலும் தாலூகா ஆஸ்பத்திரிகளிலும் நம் பாட்டன்மார் கண்ட டாக்டர் பெரும்பாலும் இவரே.

ஸர் ஜோஸப் போர் தலைமையில் 1943-ல் நியமிக்கப்பட்ட அக்கமிட்டி, இனி ஒரே தரமுள்ள 'அடிப்படை டாக்டர்' ஒருவரே தயார் செய்யப்பட வேண்டும் என்றும், லைசென்ஷியேட் படிப்பை நிறுத்திவிட வேண்டும் என்றும் சிபாரிசு செய்தது. கமிட்டியிலேயே சில அங்கத்தினர் இதற்கு உடன்படாமல் மாறுபட்ட அபிப்பிராயம் எழுதினர். தேசத்திற்கு வேண்டிய தொகை டாக்டர்கள் பட்டப் படிப்பின் மூலம் மட்டும் விரைவில் கிடைக்கமாட்டார்கள் என்பது அவர்கள் கூறிய காரணம். பெரும்பான்மையோர் கருத்தே வென்றது. சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில் வைத்தியப் பள்ளிகள் ஒவ்வொன்றாகக் கலாசாலைகளாக உயர்ந்தன, அல்லது மூடப்பட்டன.

போர் கமிட்டியின் நோக்கத்தை நாம் குறை கூற முன்வரவில்லை. நகரத்தானுக்கு ஒரு தரம், நாட்டுப்புறத்தானுக்கு மற்றொரு தரம் என்னும் பேதம் சுதந்திர தேசத்தில் கூடாது என்று கருதியது உயர்ந்த எண்ணமே. ஆனால் அதே காலத்தில் வேறொரு யோசனையும் தேசத்தார் முன் இருந்தது என்பதை மறத்தலாகாது. சுபாஷ் சந்திர போஸ் காங்கிரஸ் தலைவராயிருந்த 1938-ஆம் வருஷத்தில், ஜவாஹர்லால் நேருவின் தலைமையில் தேசியத் திட்டக் கமிட்டி ஏற்பட்டது. அதன் சுகாதார உபகமிட்டிக்குத் தலைவராயிருந்தவர் பம்பாய் ஹாப்கின் ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் கர்னல் சாஹிப் சிங் சோகே. ஆயிரம் ஜனங்களுக்கு ஒருவர் வீதம் சுகாதார ஊழியரைப் பயிற்சி கொடுத்துக் கிராமங்களில் அமர்த்த வேண்டும் என்பது அந்த உபகமிட்டியின் கருத்து. தேசிய இயக்கத்தின் மடியில் பிறந்த இந்த யோசனை ஏட்டிலேயே தங்கிவிட்டது.

விளைவு யாது? பட்டதாரி டாக்டரைக் கிராமத்திற்கு அனுப்புவோம் என்று வாக்களித்து, இருந்த லைசென்ஷியேட்டையும் எடுத்துவிட்டோம். பட்டதாரியோ எதிர்பார்த்த அளவில் வரவில்லை. அவரை மட்டும் நிந்திப்பதில் பயனில்லை. பெருநகரத்து ஆஸ்பத்திரியில் விலையுயர்ந்த கருவிகளின் நடுவே படித்தவர், விளக்கும் தண்ணீரும் சரிவர இல்லாத ஒரு நிலையத்தில் தனியே உட்கார விரும்பாதது மனித இயல்பே. 2021-22-ஆம் வருஷத்துக் கிராம சுகாதாரப் புள்ளிவிவரத்தில், நாட்டின் கிராமப்புறச் சமுதாய சுகாதார நிலையங்களுக்கு வேண்டிய நிபுண டாக்டர்களில் நூற்றுக்கு 79.5 பங்கு குறைவு என்று சர்க்காரே ஒப்புக்கொண்டிருக்கின்றது. ஐந்து நாற்காலிகள் போட்டால் நான்கு காலியாக இருக்கின்றன.

காலி நாற்காலி காலியாகவே இருப்பதில்லை. 2001-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கை ஆதாரமாகக் கொண்டு உலக சுகாதார ஸ்தாபனம் 2016-ல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, அலோபதி டாக்டர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்களில் நூற்றுக்கு 57.3 பேருக்கு வைத்தியக் கல்வித் தகுதியே கிடையாது என்று கண்டது. கிராமப்புறங்களில் அத்தகுதி உடையவர்கள் நூற்றுக்கு 18.8 பேரே. நம் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. கிராமவாசி சென்றுகொண்டிருந்தது பட்டதாரியிடமும் அன்று, பயிற்சி பெற்ற ஊழியரிடமும் அன்று. எந்தச் சட்டமும் அறியாத, எவருக்கும் பொறுப்பில்லாத ஊசிக்காரரிடமே.

ஒரு சாதாரணக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ஐம்பது வயதான தாய் ஒருத்திக்குச் சில நாட்களாகத் தலைசுற்றலும் பிடரி வலியும். மகன் கூலி வேலைக்குப் போகிறான். ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்வதானால் இரண்டு பஸ் ஏறவேண்டும்; ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே கடைத்தெருவில் ஒருவர் ஊசி போடுகிறார், வேண்டுமானால் குளுக்கோஸும் ஏற்றுகிறார். தலைசுற்றல் அன்றைக்குத் தணிகிறது. ரத்த அழுத்தத்தை அளந்து பார்ப்பார் இல்லை. சில மாதங்கள் கழித்து அத்தாய் ஒரு பக்கம் கைகால் விழுந்து படுக்கையில் கிடக்கும்போது, ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டு செல்கிறார்கள். நகை அடகுக்குப் போகிறது. தினமும் ஒரு மாத்திரையால் தடுத்திருக்கக்கூடிய விபத்து இது. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவு பெற்ற ஆராய்ச்சி, நம் தேசத்தில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென்றும், வயது வந்தோரில் நூற்றுக்கு 35.5 பேருக்கு ரத்த அழுத்தம் மிகுந்திருக்கிறதென்றும் மதிப்பிட்டது. இந்நோய்களுக்கு வேண்டுவது பெரிய சாஸ்திர ஞானம் அன்று. மாதந்தோறும் அளந்து பார்ப்பதும், மாத்திரை தவறாமல் கிடைக்கச் செய்வதும், வராதவரை வீட்டிற்குச் சென்று கேட்பதுமே வேண்டும். அருகில் இருப்பவரால்தான் இவற்றைச் செய்ய முடியும்.

இத்தகைய ஊழியரால் ஒழுங்காகச் சிகிச்சை செய்ய முடியுமா என்பது நியாயமான கேள்வி. இதற்கு ஊகத்தால் அன்றி, அனுபவத்தால் விடை கூறலாம்.

சத்தீஸ்கர் ராஜ்யம் பிறந்த மறுவருஷமே, அதாவது 2001-ல், கிராமங்களுக்கென மூன்று வருஷ வைத்தியப் படிப்பு ஒன்றை ஏற்படுத்தச் சட்டம் செய்தது. எதிர்ப்பும் வழக்குகளும் கிளம்பின. படிப்பின் பெயர் மாறிற்று. மாணவர்கள் தங்கள் சான்றின் மதிப்பு யாதென்று அறியாமல் போராடினர். சில வருஷங்களில் படிப்பே நிறுத்தப்பட்டது. ஆயினும் தேறியவர்களைக் கிராம வைத்திய உதவியாளர் என்ற பெயரால் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ராஜ்ய சர்க்கார் நியமித்தது. 2010-ல் அவர்களுடைய திறமையை ஆராய்ச்சியாளர் பரீட்சித்தனர். ஆரம்ப நிலையங்களுக்கு வழக்கமாக வரும் நோய்களை அறிந்து சிகிச்சை கூறுவதில் அவர்கள் எம்.பி.பி.எஸ். டாக்டருக்குச் சமமாக இருந்தனர் என்பதே முடிவு. அதே பரீட்சையில், முறையான சிகிச்சைப் பயிற்சி பெறாமலே டாக்டர் இல்லாத நிலையங்களில் நோயாளிகளைப் பார்த்து வந்த மற்றச் சிப்பந்திகள் மிகவும் பின்தங்கினர். ஆகவே, குறைந்த பயிற்சி போதும் என்று இதிலிருந்து அர்த்தம் செய்துகொள்ளலாகாது. செய்யப்போகும் வேலைக்கு ஏற்ற பயிற்சி போதும் என்பதே இதன் பொருள்.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி ஜில்லாவில் அபய் பங், ராணி பங் தம்பதிகள் நடத்திய முயற்சி இதனினும் வியப்புக்குரியது. அங்கே 39 கிராமங்களில், உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி அளித்து, பிறந்த சிசுவை எடைபோடவும், மூச்சு வாங்கச் செய்யவும், விஷக் காய்ச்சலின் அறிகுறி கண்டால் ஊசி போடவும் கற்பித்தனர். 1999-ல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, ஒப்பிட்டுப் பார்த்த மற்றக் கிராமங்களைவிட அங்கே பிறந்த 28 நாட்களுக்குள் மாளும் சிசுக்களின் விகிதம் நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. ஆப்பிரிக்காவில் மொஸாம்பிக் தேசம் 1984-ல் ரணசிகிச்சைக்கே இடைநிலை ஊழியர்களைத் தயார் செய்யத் தொடங்கிற்று. ஜில்லா ஆஸ்பத்திரிகளில் பிரசவ அறுவைச் சிகிச்சைகளில் மிகப் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் அவர்களே என்று பின்னர் வந்த ஆராய்ச்சிகள் காட்டின. ஏழு வருஷங்கள் கழித்துப் பார்த்தபோது, அவர்களில் பெரும்பாலோர் அதே ஜில்லாக்களில் இருந்தனர். உடன் அனுப்பப்பட்ட டாக்டர்களோ ஏறக்குறைய எல்லோரும் போய்விட்டிருந்தனர். திறமையோடு நிலைத்திருத்தலும் ஒரு யோக்கியதை என்பதை இது காட்டுகிறது.

எதிர்க்கட்சியாரின் ஆட்சேபங்களையும் பாரபட்சமின்றி ஆராய்வோம். 2019-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆவது ஷரத்து, சமுதாய சுகாதார உதவியாளருக்கு வரையறுத்த லைசென்ஸ் வழங்க இடம் தந்தது. அவர்களுடைய தொகை பதிவு பெற்ற டாக்டர்களின் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படக் கூடாது என்றும், ஆரம்ப வைத்தியத்திலும் நோய்த் தடுப்பிலும் மட்டும் குறிப்பிட்ட மருந்துகளைத் தாமே கொடுக்கலாம் என்றும், மற்றவற்றில் டாக்டரின் மேற்பார்வையில்தான் கொடுக்கலாம் என்றும் அந்த ஷரத்து கூறுகிறது. போலி வைத்தியத்திற்குச் சட்டப்படி அனுமதி கொடுப்பதே இது என்று இந்திய மருத்துவச் சங்கத்தார் அவ்வருஷம் நாடெங்கும் ஆட்சேபித்தனர். டாக்டர்களின் கவலை முற்றிலும் சுயநலம் என்று தள்ளுவது நியாயமாகாது. அரைகுறை ஞானத்தோடு வீரியமான மருந்துகளைக் கையாண்டால் வரும் கேடு அவர்கள் அறிந்ததே. மேற்கு வங்காளத்து பீர்பூம் ஜில்லாவில் தகுதியற்ற வைத்தியர்களுக்கு ஒன்பது மாதங்களில் 150 மணி நேரப் பயிற்சி அளித்துப் பார்த்தனர். அவர்கள் நோயைக் கையாளும் முறை சற்றே திருந்திற்று. ஆனால் வேண்டாத மருந்தைக் கொடுக்கும் வழக்கம் குறையவில்லை என்று 2016-ல் வெளியான ஆராய்ச்சி கூறிற்று. மருந்து விற்றுப் பிழைப்பவனுக்குப் பாடம் மட்டும் போதாது என்பது தெளிவு.

ஆனால் இதே உதாரணம் சங்கத்தாரின் வாதத்தையும் திருப்பிவிடுகிறது. போலி வைத்தியரும் இடைநிலை ஊழியரும் ஒன்றல்லர். ஒருவர் நோயாளியின் பணத்தால் ஜீவிப்பவர். மற்றவர் சர்க்கார் சம்பளம் பெறுபவர். ஒருவருக்கு எல்லையே கிடையாது. மற்றவர் எழுதி வைத்த எல்லைக்குள் நிற்க வேண்டியவர். ஒருவர் நோயாளியைக் கைவிட மனமின்றித் தம்மிடமே வைத்துக்கொள்வார். மற்றவர் உரிய நேரத்தில் டாக்டரிடம் அனுப்புவதையே தம் முதற்கடமையாகக் கொண்டவர். போலி வைத்தியத்தை ஒழிக்க வேண்டுமென்று மனப்பூர்வமாக விரும்புவோர், அவ்விடத்தில் வேறொருவரை உட்கார வைக்காமல் அது ஒழியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஆட்சேபம் வேறு திசையிலிருந்து வருகிறது. ஏழைக்கு மட்டும் இரண்டாந்தர வைத்தியமா என்று சமத்துவத்தில் பற்றுள்ள நம் நண்பர்கள் பலர் கேட்கின்றனர். இக்கேள்வி நம் மனத்தையும் தைக்கிறது. இடைநிலை ஊழியரைக் காட்டி டாக்டர் பதவிகளைக் காலியாக விட்டுவிட எந்தச் சர்க்காராவது முயலுமானால், அதை எதிர்ப்பதில் நாம் பின்வாங்கோம். ஆயினும் நண்பர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். ரத்த அழுத்தத்தை மாதந்தோறும் அளந்து மருந்து கொடுப்பதை நன்கு பயின்ற நர்ஸ் செய்வது இரண்டாந்தரம் அன்று. அதை ஒருவருமே செய்யாமலிருப்பதுதான் கடைத்தரம். ஏட்டிலே சமத்துவத்தை எழுதி, நாட்டிலே ஊசிக்காரரை விட்டு வைத்ததே இதுவரை நாம் கண்ட பலன்.

சட்டத்தின் நிலையையும் இங்கே கூறவேண்டும். அஸ்ஸாம் ராஜ்யம் 2004-ல் சட்டமியற்றி, ஜோர்ஹாட்டில் மூன்று வருஷக் கிராம வைத்திய டிப்ளமா படிப்பை ஏற்படுத்திற்று. 2014-ல் கௌஹாத்தி ஹைக்கோர்ட்டு அச்சட்டத்தைச் செல்லாதென்றது. 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. வைத்தியக் கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது மத்திய சர்க்காரின் அதிகாரத்திற்கு உட்பட்டது என்பதே காரணம். ஆனால் தேறியவர்களைச் சமுதாய சுகாதார ஊழியர்களாக வைத்துக்கொள்ள அஸ்ஸாம் 2015-ல் செய்த வேறு சட்டத்தை அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. ஆகவே, இத்தகைய ஊழியர் இருப்பதை நியாயஸ்தலம் தடுக்கவில்லை. அவர் டாக்டர் என்னும் பெயரை ராஜ்யச் சட்டத்தால் அடைவதையே தடுத்தது. பெயரைப் பற்றிய சண்டையை விட்டு வேலையைப் பற்றிப் பேச வழி திறந்திருக்கிறது.

இனி, நம் முக்கியமான கருத்தைக் கூறுவோம். லைசென்ஷியேட் மறைந்தது அவர் வைத்தியம் பலிக்கவில்லை என்பதனால் மட்டும் அன்று. அக்காலத்து வைத்திய இலாகாவில் உச்சியில் ஐ.எம்.எஸ். உத்தியோகஸ்தர், நடுவில் பட்டதாரி, அடியில் லைசென்ஷியேட் என்று படிக்கட்டு அமைந்திருந்தது. அடிப்படியில் நின்றவருக்குக் குறைந்த சம்பளம்; மேலே ஏற வழி அரிது; மரியாதையோ அதனினும் குறைவு. அகில இந்திய லைசென்ஷியேட்டுகள் சங்கத்தாரே இந்தப் பேதத்தை நீக்க வேண்டுமென்று வெகுகாலம் கிளர்ச்சி செய்தனர். அவர்களுடைய குறை நியாயமானது. அதற்குப் பரிகாரம் அவர்கள் ஏறுவதற்குப் படி அமைப்பதே. நம் பெரியோர் படியை அமைப்பதோடு நில்லாமல், அவர்கள் நின்ற தளத்தையே இடித்துவிட்டனர். இழிவு நீங்கிற்று; கிராமத்திற்கு வைத்தியரும் நீங்கினார்.

அந்தப் பிழையின் மறுபாதியை இன்று செய்துகொண்டிருக்கிறோம் என்று அஞ்சுகிறோம். தளத்தை மீண்டும் கட்டியிருக்கிறோம், படியை அமைக்கவில்லை. சமுதாய சுகாதார அதிகாரி என்று பெரிய பெயர் பெற்றவர்களில் மிகப் பலர் ஒப்பந்த வேலைக்காரர்கள். ஊதியத்தின் ஒரு பகுதி, காட்டும் கணக்குக்கு ஏற்பக் கொடுக்கும் ஊக்கத்தொகையாக இருக்கிறது. அதனால் நோயாளியைக் காண்பதைவிடப் பதிவேட்டை நிரப்புவதே லாபமாகிவிடும் அபாயம் உண்டு. ஒரே விவரத்தைப் பல செயலிகளில் மீண்டும் மீண்டும் பதியும் வேலையில் பகற்பொழுது கழிந்தால், வாசலில் காத்திருக்கும் கிழவிக்கு யார் பதில் சொல்வது? நாளைக்கு வேலை இருக்குமோ என்று அஞ்சுபவரிடம் ஊர் ஜனங்கள் நம்பிக்கை வைப்பதும் அருமை.

தமிழ்நாட்டின் அனுபவமே நமக்கு வழி காட்டப் போதும். பொது சுகாதாரத்திற்கென 1939-லேயே சட்டம் செய்த மாகாணம் இது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மும்மூன்று நர்ஸுகளை முறைவைத்து அமர்த்தி, இரவும் பகலும் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்தபோது, கிராமப் பெண்கள் அந்நிலையங்களை நாடி வந்தனர். அந்த நர்ஸுகள் தனியே விடப்படவில்லை. 1994-ல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மூலம் மருந்து வந்தது. கஷ்டப் பிரசவமானால் ஏற்றிச் செல்ல வண்டி வந்தது. மேலே டாக்டர் இருந்தார். 2018-20-ஆம் வருஷங்களின் கணக்கில், உயிருடன் பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு மாண்ட தாய்மார் தேசம் முழுவதிலும் 97, தமிழ்நாட்டில் 54. இதற்குக் காரணங்கள் பல; ஆயினும் நர்ஸ், மருந்து, வண்டி, டாக்டர் என்ற இந்த நான்கு கண்ணிகளும் அறுபடாமல் இருந்தது அவற்றுள் ஒன்றென்பதை மறுப்பார் இலர். 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம், ரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவுக்கும் மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்ல முற்பட்டது. இடைநிலை ஊழியர் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக இருந்தால் பயன் உண்டு. தனிக் கண்ணியானால் எதையும் இழுக்க முடியாது.

ஆகவே நாம் கோருவன இவை. முதலாவது, இவ்வூழியர் எந்த நோய்க்கு எந்த மருந்தைக் கொடுக்கலாம், எந்த அறிகுறி கண்டால் ஒரு கணமும் தாமதியாமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பதை எழுதி வரையறுத்து, சுவரிலே தொங்கவிட வேண்டும். மார்வலி, குழந்தையின் மூச்சுத் திணறல், கர்ப்பிணியின் ரத்த அழுத்தம் முதலியவற்றில் ஊழியரின் திறமை சிகிச்சை செய்வதில் இல்லை, அனுப்புவதில் இருக்கிறது. இரண்டாவது, ஆறு மாதப் பயிற்சியோடு நின்றுவிடாமல், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் ஒழுங்காக வந்து பார்த்து, தவறுகளைத் திருத்த வேண்டும். 2019 முதல் ஈ-சஞ்சீவனி மூலமாகத் தூரத்து டாக்டரோடு பேச வசதி ஏற்பட்டிருக்கிறது. அது நேரில் வரும் டாக்டருக்குத் துணையாகலாம், அவருக்குப் பதிலாகாது. மூன்றாவது, மருந்து தீரக்கூடாது. ஒரு மாதம் மாத்திரை இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்ட நோயாளி மறுமாதம் வருவதில்லை. நான்காவது, வேலை நிரந்தரமாகவும், அனுபவத்திற்கேற்ற பதவி உயர்வு உள்ளதாகவும் இருக்க வேண்டும். விரும்பிய தகுதியுள்ளோர் மேற்படிப்புக்குச் செல்லக் கதவு திறந்திருக்க வேண்டும். ஐந்தாவது, இவ்வூழியர் இருப்பதைக் காரணம் காட்டி எந்த டாக்டர் பதவியையும் காலியாக விடலாகாது.

கிராமங்களில் பொதுஜன ஊழியம் செய்யும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. இவ்விஷயம் டில்லியிலும் சென்னையிலும் மட்டும் தீர்மானமாவதன்று. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தினங்களில் உங்கள் ஊர்க் கிராம சபை கூடுகிறது. சாலையையும் விளக்கையும் கேட்கும் நாம், துணைச் சுகாதார நிலையத்தைப் பற்றி எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? அங்கே ஊழியர் இருக்கிறாரா? சென்ற மாதம் ரத்த அழுத்த மாத்திரை எத்தனை நாட்கள் இல்லாமற்போயிற்று? முப்பது வயதைக் கடந்தவர்களில் எத்தனை பேரைச் சோதித்தார்கள்? மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள்? டாக்டர் கடைசியாக வந்து பார்த்தது எப்பொழுது? அந்த ஊழியருக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா? இக்கேள்விகளைச் சபையில் எழுப்பித் தீர்மானமாக எழுதச் செய்யுங்கள். அந்த நர்ஸ் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊசி போட வந்த சிப்பந்தி அல்லர். நம் தாய்மாரின் உயிருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் இடையே நிற்கும் ஒரே வாயில் அவரே. அவரைக் கண்காணிப்பதும் ஆதரிப்பதும் ஒருங்கே நம் கடமை.

எண்பது வருஷங்களுக்கு முன் நம் பெரியோர் உயர்ந்த லட்சியத்தைக் கொண்டு ஒரு முடிவு செய்தனர். அந்த லட்சியத்தை நாம் கைவிடவில்லை. கிராமவாசிக்கும் நகரவாசிக்கும் ஒரே தரமான டாக்டர் கிடைக்கும் நாளை எதிர்நோக்கியே நிற்கிறோம். ஆனால் அந்த நாள் வரும்வரை நோயாளியை வாசலில் நிறுத்தி வைக்க நமக்கு அதிகாரமில்லை. இடைநிலை ஊழியருக்கு நல்ல பயிற்சியும் தெளிவான எல்லையும் நிலையான வேலையும் கொடுத்து, டாக்டரோடு இணைத்து வைப்போமாயின், லைசென்ஷியேட்டுக்கு நாம் இழைத்த அநீதிக்கும் ஒருவாறு பரிகாரமாகும். அதைச் செய்யாமல், பெயர்ப் பலகையை மட்டும் மாற்றிக்கொண்டிருப்போமாயின், கடைத்தெருவிலுள்ள ஊசிக்காரரே கிராமத்தின் வைத்தியராக நீடிப்பார்.